யூரியூப் இருக்கேக்க சந்தா எதுக்கு? ஹாம் றேடியோச் சஞ்சிகைகளின் நூறு வருடக் கதை

ஹாம் றேடியோவில் புதிதாக ஆர்வம் வருகிற எவரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பினம்: இந்தத் துறைச் சஞ்சிகை ஒன்றுக்குக் காசு கட்டிச் சந்தாதாரர் ஆகிறது பிரயோசனமா? அன்ரனா கட்டுறதில இருந்து பரீட்சைக்குப் படிக்கிறது வரைக்கும் எல்லாம் யூரியூப்பில கிடக்கு. பழைய இதழ்கள் கனக்க இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. பிறகேன் காசு?

நியாயமான கேள்விதான். ஆனால் சஞ்சிகை என்றால் தகவல், தகவல் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி அது. இந்தச் சஞ்சிகைகளின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், தகவல் கொடுக்கிறது அவற்றின் பாதி வேலைதான் என்பது தெரியும். மற்றப் பாதி என்ன எண்டதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். அரசாங்கப் பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்து, தனக்கென்று ஒரு அழைப்புக்குறியோடு, உழைப்புக்காக இல்லாமல் விருப்பத்துக்காக வானலையில் பேசுகிறவர்கள்தான் அமெச்சூர் றேடியோக்காரர். செல்லமாக ஹாம். இலங்கையில் இதற்கான அனுமதியைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கொடுக்கிறது. 4எஸ்7 என்று தொடங்கும் குறி காதில் விழுந்தால், உலகின் எந்த மூலையில் இருக்கிற ஹாமுக்கும் அது இலங்கைக் குரல் என்று தெரியும்.

ஒரு வால்வு வாங்கப் போன கதை

1914 ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹாட்ஃபோர்ட் நகரத்தில் ஹைரம் பெர்சி மக்சிம் என்றொரு பொறியியலாளர் இருந்தார். மக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவரின் மகன். தகப்பன் துப்பாக்கி செய்தார், மகன் துப்பாக்கிக்குச் சத்தம் குறைக்கிற கருவி செய்தார். இவருக்கு றேடியோப் பைத்தியம். அந்தக் காலத்தில் அரிதாகக் கிடைத்த ஓடியன் வால்வு ஒன்று, ஸ்பிறிங்ஃபீல்ட் என்ற ஊரில் விலைக்கு இருக்கிறதாகக் கேள்விப்பட்டார். ஊர் சுமார் 40 கிலோமீற்றர் தூரம்தான். ஆனால் இவருடைய கருவியின் அலை அவ்வளவு தூரம் போகவில்லை. இடையில் இருந்த இன்னொரு ஆர்வலர் செய்தியை வாங்கி மற்றப் பக்கம் அனுப்பிக் கொடுத்தார்.

இதிலிருந்துதான் மக்சிமுக்கு யோசனை வந்தது. ஒருவர் வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தால் நாடு முழுக்கச் செய்தி போகுமே! கிளாரன்ஸ் ரஸ்கா என்ற இளைஞரோடு சேர்ந்து அதே வருடம் ‘அமெரிக்க றேடியோ றிலே லீக்’ என்ற கழகத்தைத் தொடங்கினார். 

ஆனால் ஒரு சிக்கல். ஆர் எந்த ஊரில் இருக்கினம், எத்தனை மணிக்குக் கேட்பினம், எந்த அலைநீளத்தில் கேட்பினம் என்று எல்லாருக்கும் எப்படித் தெரியப்படுத்துவது? றேடியோ மூலம் சொல்ல ஏலாது, ஏனெண்டால் அந்த றேடியோ வலை இன்னும் உருவாகவே இல்லை. ஆகவே கடதாசியில் அச்சடிக்க வேண்டி வந்தது. 1915 டிசெம்பரில் ‘கியூ.எஸ்.ரி’ என்ற சஞ்சிகை வெளிவந்தது. தந்திக்காரர்களின் சுருக்கக் குறியில் அந்த மூன்று எழுத்துக்கும் அர்த்தம், ‘எல்லா நிலையங்களுக்கும் பொது அழைப்பு’ என்பதுதான்.

கவனியுங்கோ, வானலை வலைக்கு முன்னோடியாகத் தபால் வலை ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. சந்தாதாரர் பட்டியல்தான் அந்த வலையின் முதல் வரைபடம்.

வானம் பூட்டிக் கிடந்த காலம்

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியது. அமெச்சூர் நிலையங்கள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அதே வருடம் செப்ரெம்பர் இதழோடு கியூ.எஸ்.ரியும் நின்றுபோனது.

போர் முடிந்த பிறகு நடந்ததுதான் எனக்கு இந்த முழுச் சரித்திரத்திலும் முக்கியமாகப் படுகிறது. 1919 தொடக்கத்தில் கழகத்திடம் காசு இல்லை, ஆட்கள் சிதறிப் போய்விட்டார்கள், அனுப்புகிற தடையும் அப்படியே இருந்தது. இந்த நிலைமையில் அவர்கள் முதலில் தூக்கி நிறுத்தியது சஞ்சிகையை. நிர்வாகிகள் தங்கட பொக்கற்றில இருந்து காசு போட்டார்கள். பழைய உறுப்பினர்களுக்குக் கடன்பத்திரம் விற்று, அதுவரை ரஸ்காவின் சொந்தச் சொத்தாக இருந்த கியூ.எஸ்.ரியைக் கழகத்துக்கு வாங்கினார்கள். 1919 ஜூனில் சஞ்சிகை திரும்பவும் வந்தது. அனுப்புகிற தடை நீங்கினது அந்த வருட செப்ரெம்பர் கடைசியில்தான்.

அதாவது, வானலையில் ஒரு சொல்லுக் கூடப் பேச முடியாத காலத்தில், வானலைச் சஞ்சிகை ஒன்று திரும்பி வந்தது. அந்த நேரத்தில் அந்த இதழ் கொடுத்த தகவலால் ஒருத்தருக்கும் உடனடிப் பிரயோசனம் இல்லை. அவர்கள் காசு கொடுத்தது தகவலுக்கு இல்லை. நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்பதை ஒருவருக்கொருவர் காட்டுவதற்கும், தடையை நீக்கச் சொல்லி அரசாங்கத்தை ஒன்றாகக் கேட்பதற்கும்தான்.

இன்னொரு சுவையான விஷயமும் உண்டு. 1917 தொடக்கம் கியூ.எஸ்.ரியில் ‘கிழவன்’ என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிவந்தார். வானலையில் மற்றவனுக்கு இடைஞ்சல் செய்கிறவன், ஒழுங்காக மோர்ஸ் தட்டத் தெரியாதவன் எல்லாரையும் போட்டுத் தாளிப்பார். வாசகர்கள் வயிறு குலுங்கச் சிரித்தபடியே தங்களைத் திருத்திக்கொண்டார்கள். அவர் யார் என்பது பொதுவில் வெளிவந்தது 1936 இல் மக்சிம் இறந்த பிறகுதான். கிழவன் வேற ஆருமில்லை, மக்சிமேதான். சட்டம் கட்டாத ஒழுங்கை ஒரு கோபக்காரக் கிழவனின் பத்தி கட்டியது.

‘உதவாத’ அலைகள்

1912 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை 200 மீற்றர் அலைநீளத்துக்கும் அதற்குக் கீழேயும் தள்ளிவிட்டிருந்தது. நீண்ட அலைதான் தூரம் போகும், குறுகிய அலை எதற்கும் உதவாது என்பது அன்றைய நிபுணர்களின் நம்பிக்கை. உதவாத காணியை ஏழைகளுக்குப் பிரிச்சுக் குடுக்கிற மாதிரி!

கியூ.எஸ்.ரியும் கழகமும் என்ன செய்தன தெரியுமோ? அத்திலாந்திக் கடலைத் தாண்டி அலை போகுமா என்று சோதிக்க வாசகர்களைக் கூப்பிட்டன. இன்ன நாள், இன்ன நேரம், இன்ன அலைநீளம் என்று அட்டவணை போட்டன. 1921 இல் போல் கொட்லி என்பவரைக் கருவிகளோடு கப்பலேற்றி ஸ்கொட்லாந்தின் ஆட்றொசன் கரைக்கு அனுப்பின. குளிருக்குள் கூடாரம் அடித்துக் காத்திருந்த அவருக்கு அமெரிக்க அமெச்சூர் நிலையங்களின் சத்தம் கேட்டது. 1923 நவம்பரில் பிரான்சின் லெயோன் டெலோயும் அமெரிக்காவின் ஃபிறெட் ஷ்னெலும் 100 மீற்றரை அண்டிய அலைகளில் இரு பக்கமும் பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு பெரிய கம்பனிகளும் அரசாங்கங்களும் குறுகிய அலைகளுக்கு ஓடி வந்தன.

இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. 1950களில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை கடல் தாண்டி இந்தியா முழுக்கக் கேட்டது இதே சிற்றலையில்தான். ஒருகாலத்தில் உதவாதென்று ஒதுக்கப்பட்ட அலைகள், ஒரு தலைமுறைத் தமிழ்நாட்டுக்காரருக்கும் கொழும்பின் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

ஆசிரியருக்குக் கடிதம்

சஞ்சிகைகளின் ஆகப்பெரிய விஷயங்கள் பல, அட்டைப்படக் கட்டுரையாக வந்தவை இல்லை. ஓரத்துப் பத்தியிலும் வாசகர் கடிதத்திலும் வந்தவை. மூன்று உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று. 1945 பெப்ரவரியில் பிரித்தானியாவின் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. விமானப்படையில் றேடார் வேலை செய்த 27 வயது இளைஞர் எழுதியது. ஜேர்மனியின் வி-2 ரொக்கற்றை விஞ்ஞான ஆய்வுக்குப் பாவிக்கலாமே என்று தொடங்கி, பூமியோடு சேர்ந்து சுற்றும் செய்மதிகள் மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று அதில் சொல்லியிருந்தார். அதே வருடம் ஒக்ரோபரில் அதை விரித்துக் கட்டுரையாக எழுதினார். கிடைத்த சன்மானம் 15 பவுண். அவர் ஆதர் சி. கிளார்க். 1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 இல் சாகும்வரை இங்கேயே இருந்தவர். இண்டைக்கு எங்கட கூரைகளில இருக்கிற டிஷ் அன்ரனாக்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறது அந்தச் சுற்றுப்பாதையைத்தான்.

இரண்டு. 1957 ஒக்ரோபர் 4 ஆம் திகதி சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியபோது உலகமே திடுக்கிட்டது என்பார்கள். ஆனால் சோவியத்தின் ‘றாடியோ’ என்ற அமெச்சூர் சஞ்சிகையின் வாசகர்களுக்கு அது அவ்வளவு பெரிய அதிர்ச்சி இல்லை. அந்தக் கோடைகால இதழ்களிலேயே, வரப்போகிற செய்மதி 20, 40 மெகாஹேர்ட்ஸ் அளவில் சத்தம் போடும், அதை இப்படி இப்படிக் கேட்கலாம் என்று கட்டுரைகள் வந்துவிட்டன. கடைக்குப் போய் வாங்கக்கூடிய சஞ்சிகையில் இருந்த விஷயம் அது.

மூன்று. 1959 ஏப்ரலில் அமெரிக்காவின் ‘சி.கியூ’ சஞ்சிகையில் டொன் ஸ்ரோனர் என்பவர் ட்ரான்சிஸ்டர் பற்றிய தன் பத்தியில், சூரிய சக்தியில் வேலை செய்யும் சின்னக் கருவி ஒன்றைப் பற்றி எழுதிவிட்டு, சுற்றுப்பாதைக்கு அனுப்ப ஆரிட்டையாவது ஒரு ரொக்கற் மிச்சமாக் கிடக்கோ என்ற மாதிரிப் பகிடியாகக் கேட்டார். கலிபோர்னியாவில் சிலர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. கூடினார்கள், கட்டினார்கள். 1961 டிசெம்பர் 12 ஆம் திகதி, வேறொரு பெரிய செய்மதியை ஏற்றிய ரொக்கற்றில் ஒட்டிக்கொண்டு ஒஸ்கார்-1 மேலே போனது. எடை சுமார் நாலரைக் கிலோ. மோர்ஸில் ‘ஹாய்’ என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது. 22 நாள் உயிரோடு இருந்தது. 28 நாடுகளில் 570 பேருக்கு மேல் அதைக் கேட்டு அறிக்கை அனுப்பினார்கள். அமெச்சூர் செய்மதி என்ற முழு மரபும் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த மூன்றிலும் பொதுவாக இருக்கிறது என்ன? எழுதினவருக்குத் தன்னை ஆர் வாசிப்பினம் எண்டு தெரியும். வாசிக்கிறவனுக்கு, இதே பக்கத்தை என்னை மாதிரி ஆயிரக்கணக்கானோர் இந்த மாதம் வாசிக்கினம் எண்டு தெரியும். அந்தப் பொது அறிவுதான் ஒரு பகிடியைச் செய்மதியாக்கியது. யூரியூப்பில் ஒரு வீடியோவுக்கு இலட்சம் பார்வை வரலாம். ஆனால் அந்த இலட்சம் பேரும் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள். அடுத்த மாதம் அதே இலட்சம் பேர் வரவும் மாட்டார்கள்.

சண்டைக்கார ஆசிரியர்

சஞ்சிகைகளைத் தெய்வமாக்கவும் தேவையில்லை. கியூ.எஸ்.ரி ஒரு கழகத்தின் உத்தியோகபூர்வ ஏடு. கழகம் பிழை விட்டால் அதை அந்த ஏட்டிலேயே எழுதுவது கஷ்டம். இந்த இடத்தில்தான் வெய்ன் கிறீன் வருகிறார். சி.கியூவின் ஆசிரியராக இருந்து விலகியவர், 1960 ஒக்ரோபரில் ‘73’ என்ற சொந்தச் சஞ்சிகையைத் தொடங்கினார். தந்திக் குறியில் 73 என்றால் ‘அன்பு வணக்கம்’. பெயர்தான் வணக்கம், உள்ளே முழுக்கச் சண்டை. ஒவ்வொரு இதழிலும் பக்கம் பக்கமாக ஆசிரியத் தலையங்கம் எழுதுவார், கழகத்தை விடமாட்டார். சிலவேளை அலம்பலும் இருக்கும். ஆனால் கட்டிப் பார்க்கக்கூடிய கருவிகளின் விளக்கங்களை அள்ளிக் கொட்டினார். எஃப்.எம். றிப்பீற்றர்கள் பரவாத காலத்திலேயே அவற்றைப் பற்றித் தொடர்ந்து எழுத இடம் கொடுத்தார். 1975 இல் ‘பைற்’ என்ற கொம்பியூட்டர் சஞ்சிகையின் தொடக்கத்திலும் இதே கிறீன்தான் நின்றார். வீட்டுக் கொம்பியூட்டர் எண்ட எண்ணமே கனபேருக்கு வராத நேரம் அது.

ஒரு துறைக்கு ஒரு சஞ்சிகை போதாது, ஒன்றோடு ஒன்று முரண்படுகிற இரண்டு மூன்று வேணும் என்பதற்கு 73 நல்ல சாட்சி. 2003 செப்ரெம்பர் இதழோடு அது நின்றது. தொழில்நுட்பத் தரத்துக்குப் பெயர்போன ‘ஹாம் றேடியோ’ என்ற சஞ்சிகை, 1968 இல் தொடங்கி 1990 இல் முடிந்தது. 1945 ஜனவரியில் தொடங்கிய சி.கியூவும் 2023 இல் ஓய்ந்துபோனது. அதன் பெயரில் நடந்த உலகப் போட்டிகள் இன்னும் நடக்கின்றன, சஞ்சிகைதான் இல்லை. கியூ.எஸ்.ரி இருக்கிறது. ஆனால் 2024 இல் கழகத்தின் வருட உறுப்புரிமை 59 டொலராக இருந்தது, அச்சுப் பிரதி கையில் வேணுமெண்டால் மேலும் 25 டொலர். அதுவும் அமெரிக்காவுக்குள்ள இருக்கிற ஆக்களுக்கான கணக்கு. பிரித்தானியாவில் 1932 இல் தொடங்கிய ‘பிறக்ரிக்கல் வயர்லெஸ்’ இன்னும் வருகிறது.

எங்கட பக்கம்

வடக்குக் கிழக்கில் வளர்ந்தவர்களுக்கு றேடியோ என்றால் வேறு ஞாபகம். 90களில் பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில றேடியோவைப் பாட வைச்சுத்தான் பிபிசி தமிழோசையும் வெரித்தாசும் கேட்டார்கள். கேட்கிறதுக்கே அவ்வளவு பாடென்றால், அனுப்புகிறதைப் பற்றிச் சாதாரண சனம் நினைத்துப் பார்க்க முடியுமா? அனுப்புகிற கருவி ஒன்று வீட்டில் இருப்பதே உயிருக்கு ஆபத்தான விஷயமாக இருந்தது. 1917 இல் அமெரிக்காவில் வானம் இரண்டரை வருடம்தான் பூட்டிக் கிடந்தது. எங்களுக்கு ஒரு முழுத் தலைமுறை.

டைனமோவில் றேடியோ ஓட்டத் தெரிந்தவனுக்கு மின்சாரம் விளங்கும், கம்பியைக் கட்டி இழுத்தால் சத்தம் தெளியும் என்றும் விளங்கும். அந்த அறிவு ஊர் ஊராக இருந்தது. ஆனால் அதைச் சேர்த்துக் கட்ட ஒரு கழகமோ ஒரு கடதாசியோ இருக்கவில்லை. அதனால் அது பொழுதுபோக்காக, பிறகு தொழில்நுட்பமாக வளராமல், ஞாபகமாக மட்டும் நின்றுவிட்டது.

ஹாம் றேடியோ இலங்கைக்குத் தேவையோ என்று கேட்கிறவர்களுக்கு 2004 டிசெம்பர் போதும். சுனாமியில் தொலைபேசிகள் செத்துப்போன நேரம், அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையில் தொடர்பைக் கொண்டுவந்தவர்களில் இலங்கையின் அமெச்சூர்களும் இருந்தார்கள். 

சரி, கட்டுறதோ விடுறதோ?

பரீட்சைக்குப் படிக்கவோ, முதல் அன்ரனா கட்டவோ மட்டும்தான் தேவை என்றால் சந்தா வேண்டாம். அந்தக் காசுக்குக் கம்பியும் ஈயமும் வாங்குங்கோ. 73 இன் நாற்பத்துச் சொச்ச வருட இதழ்கள் இணைய ஆவணகத்தில் இலவசமாக இருக்கின்றன. ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கக் கட்டினாலும் முடியாத அளவு கருவிகள் அதற்குள் உண்டு.

பெரிய காசில் கருவி வாங்கப் போகிறீர்கள் என்றால், ஒரு வருடச் சந்தா தன் காசை மிச்சம் பிடித்துத் தரும். கியூ.எஸ்.ரி மதிப்பீட்டுக்கான கருவிகளைக் கம்பனியிடம் ஓசியில் வாங்காமல், கடையில் காசு கொடுத்து வாங்கி, தன் ஆய்வுகூடத்தில் அளந்து எழுதுகிறது. யூரியூப்பில் பெட்டி பிரிக்கிற பலருக்கு அந்தப் பெட்டியே அன்பளிப்பாக வந்தது. விளம்பரக் காசு சஞ்சிகைக்கும் வருகிறதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அளவுகோலும் எண்களும் பக்கத்தில் அச்சாகி நிற்கின்றன. பிழையென்றால் அடுத்த மாதம் ஒரு வாசகர் கடிதத்தில் பிடிப்பார்.

மூன்றாவது வழிதான் எங்களுக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். ஒருவர் தனியாகக் கட்ட வேண்டாம். நாலைந்து பேர், ஒரு பாடசாலை விஞ்ஞானக் கழகம், ஒரு வாசிகசாலை சேர்ந்து ஒரு சந்தா. ஊர் வாசிகசாலையில் ஒரு பேப்பரைப் பத்துப்பேர் பங்கு போட்டு வாசித்து, பிறகு வாங்கில இருந்து சண்டை பிடிக்கிறது எங்களுக்குப் புதிசில்லையே. இதழ் வந்தால் ஒன்றாக இருந்து வாசியுங்கோ, அதில் ஒன்றைக் கட்டிப் பாருங்கோ, வேலை செய்யாவிட்டால் ஆசிரியருக்கு எழுதுங்கோ. எழுதுகிறதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த நூறு வருடத்தில் கடதாசியை வாங்கி அடுக்கி வைத்தவர்களால் ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் திருப்பிக் கடிதம் போட்டவர்களால்தான்.

கியூ.எஸ்.ரி வேண்டாம், டொலர் கட்டுப்படியாகாது என்றாலும் பரவாயில்லை. அப்படியென்றால் மாதம் நாலு பக்கத்தில் தமிழில் ஒன்றை நாங்களே அடிக்கலாம். ஹாட்ஃபோர்ட்டில் தொடங்கினதும் இரண்டு பேர்தான்.